மடி ஆசனமாகாது: மலைப்பாதையில் நமது குழந்தைகளின் பயணம்

ஊவாவின் மலைப்பாதைகளில் கோர விபத்தொன்று நிகழும்போதெல்லாம் சில நாட்களுக்கு நாம் அனைவரும் வீதிப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுகின்றோம். 2021 மார்ச் 20 ஆம் திகதி பசறை - லுணுகலை வீதியில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தபோது பேசினோம். 2025 செப்டெம்பர் 4 ஆம் திகதி இரவு எல்ல - வெல்லவாய வீதியில் தங்காலை நகரசபை ஊழியர்கள் சென்ற பஸ் பள்ளத்தில் பாய்ந்து 15 பேர் மாண்டபோதும் பேசினோம். பஸ்களின் தராதரம், ஓட்டுநர்களின் வேகம், வீதியோரத் தடுப்புகள் ஆகியன அவ்வேளைகளில் விவாதிக்கப்பட்டன. அவை விவாதிக்கப்பட வேண்டியவையே. ஆனால், நமது சொந்தக் காரிலும் நாம் வாடகைக்கு அமர்த்தும் வேனிலும் நமது மடியில் இருத்தி அழைத்துச் செல்லும் கைக்குழந்தையைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

இரண்டாவது குழந்தையைப் பெற்றெடுத்துப் பதுளை வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். பின் ஆசனத்தில் தாய். அவள் கையில் துணியால் பொதியப்பட்ட பச்சிளங்குழந்தை. முன் ஆசனத்தில் தந்தை. அவரது மடியில், அல்லது இரண்டு ஆசனங்களுக்கும் இடையில் நின்றபடி, இரண்டு வயது மூத்த பிள்ளை. பாட்டியின் காலடியில் பைகளும் வெந்நீர்ப் போத்தலும். வாகனம் பசறைப் பக்கமோ, ஹாலிஎல கடந்து தெமோதரைப் பக்கமோ வளைந்து வளைந்து செல்கின்றது. இக்குடும்பத்தைப் பொறுப்பற்றது என எவரும் கூறிவிட முடியாது. குழந்தைக்குத் தாய் மடியைவிடப் பாதுகாப்பான இடம் உலகில் இல்லை என்ற நம்பிக்கையே அவர்களை வழிநடத்துகின்றது. அந்த நம்பிக்கை வாழ்வின் மற்றெல்லா இடங்களிலும் மெய்யானது. ஓடுகின்ற வாகனத்தில் மாத்திரம் அது பொய்த்துப் போகின்றது. ஏன் என்பதை விளங்கிக்கொள்வது பெற்றோர் ஒவ்வொருவரதும் கடமையாகும்.

கைகளால் ஏன் தாங்க முடியாது?

வாகனம் மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும்போது அதனுள் இருக்கும் அனைவரும் அதே வேகத்திலேயே செல்கின்றனர். எதிரே வரும் லொறியிலோ மண்மேட்டிலோ மோதி வாகனம் அரை மீற்றர் தூரத்துள் நின்றுவிட்டால், உள்ளே இருப்பவர்களின் உடல் அதே வேகத்தில் முன்னோக்கிப் பாயும். அவ்வேளையில் உடலைத் தடுத்து நிறுத்துவதற்கு அதன் நிறையைப் போன்று பன்னிரண்டு மடங்குக்கும் அதிகமான விசை தேவைப்படும். மூன்று கிலோ நிறையுள்ள பச்சிளங்குழந்தை அக்கணத்தில் தாயின் கைகளுக்கு ஏறத்தாழ 38 கிலோவாகி விடுகின்றது. பன்னிரண்டு கிலோ நிறையுள்ள இரண்டு வயதுப் பிள்ளையோ 150 கிலோவாகின்றது. அதாவது மூன்று சீமெந்து மூட்டைகள். கண்ணிமைக்கும் நேரத்தில், எதிர்பாராத தருணத்தில், மூன்று சீமெந்து மூட்டைகளைத் தாங்கிப் பிடிக்க வல்ல தந்தை எவரும் இல்லை. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் மோதுவதென்பது ஏறக்குறைய இருபது அடி உயரத்திலிருந்து வீழ்வதற்குச் சமமாகும்.

இதனினும் கொடிய உண்மை ஒன்றுண்டு. ஆசனப்பட்டி அணியாத தாயும் அதே வேகத்தில் முன்னோக்கி எறியப்படுவாள். அப்போது அவளது மடியிலுள்ள குழந்தை, முன் ஆசனத்துக்கும் தாயின் உடலுக்கும் இடையில் நசுங்கிவிடும். தாயையும் குழந்தையையும் சேர்த்து ஒரே பட்டியால் கட்டினாலும் இதே கதிதான். தாயின் உடல் குழந்தையைப் பட்டியோடு சேர்த்து அழுத்திவிடும்.

அமெரிக்காவின் டெனசி மாநிலம் இதனைக் கசப்பான அனுபவத்தினூடாகக் கற்றுக்கொண்டது. வாகனங்களில் குழந்தைகளுக்குத் தனி ஆசனம் வேண்டுமென்ற சட்டத்தை அந்நாட்டில் முதன்முதலாக, 1978 இல், நடைமுறைக்குக் கொண்டுவந்தது அம்மாநிலமேயாகும். அதற்காகப் பாடுபட்டவர் ரொபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தை மருத்துவர். எனினும், குழந்தையைப் பெரியவர் கையில் ஏந்திச் செல்லலாம் என்ற விதிவிலக்கு அச்சட்டத்தில் செருகப்பட்டிருந்தது. அதனைக் குழந்தைகளை நசுக்கும் விதி என்றே அம்மருத்துவர் வர்ணித்தார். 1981 இல் அவ்விதிவிலக்கு நீக்கப்பட்டது.

நமது நாட்டில் 2011 ஆம் ஆண்டு முதல் ஓட்டுநரும் முன் ஆசனத்தில் இருப்பவரும் ஆசனப்பட்டி அணிதல் கட்டாயமாக்கப்பட்டது. 2025 இல் அதிவேக வீதிகளில் பயணிகள் அனைவருக்கும் அக்கட்டாயம் விரிவுபடுத்தப்பட்டது. ஊவா மாகாணத்திலோ அதிவேக வீதி எதுவும் இல்லை. எமது பிள்ளைகள் பயணம் செய்வது பெரகலை, கொஸ்லந்தை, பசறை, மடுல்சீமை வளைவுகளில்; அதுவும் பின் ஆசனத்தில். பொலிஸாரின் கண் அங்கு எட்டுவது அரிது. ஆகவே பெற்றோரின் அறிவே அங்கு முதற் காவலாகும்.

பின்னோக்கிய ஆசனத்தின் தத்துவம்

பிறந்த குழந்தையின் தலை அதன் உடல் நீளத்தில் கால்வாசியாக இருக்கும். அத்தலையைத் தாங்கும் கழுத்தெலும்புகளோ இன்னும் முழுமையாக எலும்பாகாதவை. முன்னோக்கி அமர்ந்த குழந்தையின் உடலைப் பட்டி பிடித்துக்கொண்டாலும், பாரமான தலை முன்னால் வீசப்பட்டுக் கழுத்தை இழுத்துவிடும். குழந்தையின் முதுகு வாகனம் செல்லும் திசையை நோக்கியிருக்குமாறு, அதாவது குழந்தை பின்பக்கத்தைப் பார்த்திருக்குமாறு ஆசனத்தைப் பொருத்தினால், மோதலின் விசை தலை, கழுத்து, முதுகு ஆகிய மூன்றிலும் சமமாகப் பரவி ஆசனத்தின் ஓட்டில் அடங்கிவிடுகின்றது.

சுவீடனின் சால்மர்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கிய பேர்ட்டில் அல்ட்மன் 1960களில் இத்தகைய ஆசனத்தை முதலில் வடிவமைத்தார். விண்வெளிக்கலம் புறப்படும்போது ஏற்படும் பெரும் விசையை வீரர்கள் தமது முதுகால் தாங்கும் முறையே அவருக்கு அவ்வெண்ணத்தைத் தந்தது. முறையாகப் பொருத்தப்பட்ட ஆசனம், கார்களில் பயணிக்கும் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உயிரிழப்பை 71 வீதத்தாலும், ஒன்று முதல் நான்கு வயது வரையான பிள்ளைகளின் உயிரிழப்பை 54 வீதத்தாலும் குறைக்கின்றது என அமெரிக்க வீதிப் பாதுகாப்பு நிர்வாகம் கணித்துள்ளது.

இரண்டு பிள்ளைகளை எவ்வாறு அமர்த்துவது?

இரண்டு ஆசனங்களும் பின் வரிசையிலேயே இருத்தல் வேண்டும். முன் ஆசனத்திற்கு எதிரே காற்றுப்பை உள்ள வாகனத்தில் பின்னோக்கிய குழந்தை ஆசனத்தை முன்னால் ஒருபோதும் வைத்தலாகாது. விரிந்து வரும் காற்றுப்பை ஆசனத்தின் முதுகில் அறைந்து குழந்தையைக் கொன்றுவிடும்.

நமது பகுதியில் பெரிதும் பாவனையிலுள்ள சிறிய ஜப்பானியக் கார்கள் பல நால்வருக்கென அமைந்தவை. அவற்றின் பின் வரிசையில் இருவருக்கே பட்டி உண்டு. அத்தகைய காரில் பச்சிளங்குழந்தையை இடப்பக்கத்தில், அதாவது முன் பயணியின் ஆசனத்துக்குப் பின்னால் அமர்த்துவது நன்று. பின்னோக்கிய ஆசனம் கூடுதல் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஓட்டுநரின் ஆசனத்தை அதற்காக முன்னே தள்ளி அவரை நெருக்கடியில் அமர்த்துவது ஆபத்தானது. மேலும் இடப்பக்கக் கதவு வீதியோரத்தில் திறப்பதால், குழந்தையை ஏற்றி இறக்கும் தாய் வாகன நெரிசலுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டியதில்லை. மூத்த பிள்ளையை ஓட்டுநருக்குப் பின்னால் அமர்த்தலாம். ஆனால் அப்பிள்ளையையும் இடப்பக்கக் கதவாலேயே இறக்க வேண்டும். வலப்பக்கக் கதவின் சிறுவர் பூட்டு எப்போதும் போடப்பட்டிருக்க வேண்டும்.

பின் வரிசையில் மூன்று பட்டிகள் உள்ள காரில் இரு ஆசனங்களுக்கும் நடுவில் ஒல்லியான ஒருவர் அமர இடம் கிடைக்கலாம். தாய் அங்கு அமர்ந்தால் இரு பிள்ளைகளையும் கவனிக்க முடியும்; அவளும் பட்டி அணிதல் வேண்டும். இடமில்லையேல் நெருக்கியடித்து ஏறாமல், பாட்டியை மற்றொரு பயணத்தில் அழைத்து வருவதே அறிவுடைமை.

மூத்த பிள்ளைக்கு இரண்டு வயது கடந்துவிட்டது என்பதற்காக உடனே முன்னோக்கித் திருப்பிவிட வேண்டியதில்லை. தனது ஆசனம் அனுமதிக்கும் உச்ச உயரத்தையோ நிறையையோ அடையும்வரை பிள்ளை பின்னோக்கியே பயணிப்பது நல்லதென அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2018 இல் அறிவுறுத்தியது. கால்கள் மடிந்திருப்பதால் பிள்ளைக்குத் தீங்கில்லை. அவ்வளவை எட்டிய பின்னர், ஐந்து இடங்களில் பிணைக்கும் பட்டியுள்ள முன்னோக்கிய ஆசனத்திற்கு மாற்றலாம்.

தாய் சத்திரசிகிச்சை மூலம் பிள்ளை பெற்றவராயின் மூத்த பிள்ளையைத் தூக்கி ஆசனத்தில் அமர்த்தும் பொறுப்பைத் தந்தையே ஏற்க வேண்டும். புதிய குழந்தை வீட்டுக்கு வரும் நாளில் மூத்த பிள்ளைக்குத் தனது மடியிடம் பறிபோய்விட்டதென்ற ஏக்கம் எழுவது இயல்பு. எனவே பிரசவத்துக்குச் சில வாரங்கள் முன்பே தனது ஆசனத்தில் அமர்ந்து பழகிவிடுமாறு செய்தால், இறுதி நேரத்து அழுகையும் அதற்கு இணங்கிப் பிள்ளையை மடியில் தூக்கிவிடும் பலவீனமும் நேரா.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

ஐசோபிக்ஸ் எனப்படும் கொளுவிகள் பழைய வாகனங்கள் பலவற்றில் இல்லை. அதனால் மனந்தளர வேண்டியதில்லை. தோளையும் இடுப்பையும் பிடிக்கும் வழமையான பட்டியாலேயே பொருத்தக்கூடிய ஆசனங்கள் பல உள்ளன. பட்டி செல்ல வேண்டிய வழி ஆசனத்திலேயே குறிக்கப்பட்டிருக்கும். பொருத்திய பின்னர், பட்டி செல்லும் இடத்தில் பிடித்து அசைத்துப் பார்க்க வேண்டும். ஓர் அங்குலத்துக்கு மேல் அசைந்தால் இன்னும் இறுக்க வேண்டும்.

பின்னோக்கி அமரும் குழந்தைக்குத் தோள்பட்டி தோளின் மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழிருந்தோ வர வேண்டும். முன்னோக்கி அமரும் பிள்ளைக்குத் தோள் மட்டத்திலோ சற்று மேலிருந்தோ வர வேண்டும். தோளருகே பட்டியை விரல்களால் கிள்ளிப் பார்த்தால் மடிப்பு அகப்படக் கூடாது. பச்சிளங்குழந்தையின் ஆசனம் போதிய அளவு சாய்ந்திருத்தல் வேண்டும். நிமிர்ந்திருந்தால் நாடி நெஞ்சில் பதிந்து மூச்சு தடைப்படலாம்.

வெலிமடை, அப்புத்தளை, பண்டாரவளைப் பகுதிகளின் குளிரில் குழந்தைக்குக் கம்பளிச் சட்டையும் தடித்த துணியும் சுற்றி ஆசனத்தில் வைப்பது வழக்கமாகலாம். மோதலின்போது அத்தடிப்பு நசுங்கிப் பட்டி தளர்ந்துவிடும், குழந்தை நழுவிவிடும். மெல்லிய ஆடையுடன் பட்டியைப் பூட்டிய பின்னர் மேலே போர்வையைப் போர்த்துவதே சரியான முறையாகும்.

தோட்டப்புறங்களில் நிறை குறைந்து பிறக்கும் குழந்தைகளின் விகிதம் நாட்டின் ஏனைய பகுதிகளைவிட அதிகமாகும். ஒவ்வோர் ஆசனத்திலும் அது தாங்கக்கூடிய ஆகக்குறைந்த நிறையோ உயரமோ எழுதப்பட்டிருக்கும். நிறை குறைந்த அல்லது குறைமாதக் குழந்தையாயின் அவ்விபரத்தை வைத்தியரிடம் காட்டி ஆலோசனை பெறுவது அவசியம். கொழும்பிலிருந்து பதுளைக்கான நெடும்பயணத்தில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறையாவது வாகனத்தை நிறுத்திக் குழந்தையை வெளியே எடுத்துப் பாலூட்ட வேண்டும். ஓடும் வாகனத்தில் பட்டியைக் கழற்றிப் பாலூட்டுதல் கூடாது. வீட்டை அடைந்த பின்னர் உறங்கும் குழந்தையை ஆசனத்திலேயே விட்டுவிடுவதும் கூடாது.

மத்திய கிழக்கிலிருந்து ஊர் திரும்பும் உறவினர் கொண்டுவரும் பொருட்களுள் இவ்வாசனமும் ஒன்றாகலாம். ஐக்கிய அரபு இராச்சியத்தில் 2017 முதல் நான்கு வயது வரையான பிள்ளைகளுக்கு இது சட்டப்படி கட்டாயமாகும். பாவித்த ஆசனத்தை வாங்குவோர் அது விபத்தில் சிக்கியதா என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஓட்டில் வெடிப்புகள் உண்டா, காலாவதித் திகதி கடந்துவிட்டதா, வட்டத்துள் ஆங்கில எழுத்தான ஈ பொறித்த அங்கீகாரச் சிட்டை உள்ளதா என்பவற்றையும் பார்த்தல் வேண்டும். ஓடு எதுவுமின்றி வெறும் துணி மெத்தையும் நாடாக்களுமாக மலிவு விலையில் விற்கப்படுபவை குழந்தை ஆசனங்கள் அல்ல.

கார் இல்லாத குடும்பம் என்ன செய்வது?

இவையெல்லாம் கார் வைத்திருப்போருக்கு உரியவை, லயத்தில் வாழும் தொழிலாளிக்கு இதனால் பயனென்ன என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. முச்சக்கர வண்டியில் பட்டியும் இல்லை, ஆசனம் பொருத்தும் வழியும் இல்லை. குழந்தையை மார்போடு கட்டும் துணிப்பை குழந்தை வெளியே நழுவாமல் காக்குமேயன்றி, மோதலிலிருந்து காக்காது. எனவே, பிரசவம் முடிந்து திரும்பும் அந்த ஒரு பயணத்துக்காவது, முடிந்தால் அயலவரோடு செலவைப் பகிர்ந்தேனும், பட்டியுள்ள காரையோ வேனையோ அமர்த்துவது சிறந்தது. அமர்த்தும்போது வாடகையைப் பேசுவதோடு, பின் ஆசனத்தில் பட்டி உண்டா என்றும் கேட்க வேண்டும். பல வேன்களில் பட்டிகள் ஆசன உறைக்குக் கீழே மறைந்து கிடக்கின்றன. கேட்பவர் கூடினால் அவை வெளியே வரும்.

முச்சக்கர வண்டியைத் தவிர வேறு வழியில்லையெனில், குழந்தையுடன் தாய் பின் ஆசனத்தின் நடுவில் அமர வேண்டும். மூத்த பிள்ளையை ஓட்டுநரின் பக்கத்தில் இருத்தக் கூடாது. மழையிலும் இருளிலும் பயணத்தை ஒத்திவைக்க வேண்டும். வேகத்தைக் குறைக்குமாறு ஓட்டுநரிடம் கூறத் தயங்கக் கூடாது. வேகம் பாதியானால் மோதலின் வலு கால்வாசியாகக் குறைகின்றது. எந்தக் கருவியும் இல்லாதவருக்கும் கிட்டக்கூடிய பாதுகாப்பு இதுவேயாகும்.

ஆயினும் ஏழைத் தாயின் எச்சரிக்கையோடு இவ்விடயத்தை முடித்துவிடுவது நீதியன்று. பின்னோக்கிய பச்சிளங்குழந்தை ஆசனம் ஒரு குடும்பத்துக்கு ஏறக்குறைய ஓராண்டு காலமே தேவைப்படுகின்றது. பின்னர் அது மூலையில் கிடக்கின்றது. இரவலாக வழங்குவதற்கு இதனினும் ஏற்ற பொருள் வேறில்லை. ஒவ்வொரு தோட்டத்தின் பிள்ளை பராமரிப்பு நிலையத்திலும், பள்ளிவாசல்களிலும் ஆலயங்களிலும் இயங்கும் நலன்புரிச் சங்கங்களிலும் நல்ல நிலையிலுள்ள நான்கைந்து ஆசனங்கள் இருப்பின், பிரசவத்துக்குச் செல்லும் குடும்பம் அதனைப் பெற்றுச் சென்று, பயன்படுத்தித் திருப்பித் தரலாம். வைத்தியசாலைகளுக்கு ஓடும் வாடகை வேன் உரிமையாளர்கள் ஆளுக்கொன்றை வைத்திருந்தால் அது அவர்களது தொழிலுக்கும் நற்பெயரைத் தரும். கர்ப்பிணித் தாய்மாரை வீடுதோறும் சந்திக்கும் மருத்துவ மாதர், தடுப்பூசியையும் தாய்ப்பாலையும் பற்றிக் கூறும்போது வீடு திரும்பும் பயணத்தைப் பற்றியும் கூறலாம். பிள்ளை பிறந்ததும் தாயின் கையில் தரப்படும் சுகாதாரப் பதிவேட்டில் இதற்கென ஒரு பக்கம் ஒதுக்குமாறு சுகாதார அமைச்சை நாம் வேண்டுகின்றோம்.

ஏழாம் நாள் அகீகாவுக்கும், முப்பத்தோராம் நாள் சடங்குக்கும், பெருநாளுக்கும் தீபாவளிக்கும் நமது பிள்ளைகள் இம்மலைப்பாதைகளில் பயணித்தே ஆக வேண்டும். வளைவுகளை நாம் நிமிர்த்திவிட முடியாது. எதிரே வருபவர் எப்படி வருவார் என்பதும் நமது கையில் இல்லை. பிள்ளையை எங்கே, எவ்வாறு அமர்த்துகின்றோம் என்பது மாத்திரம் முற்றிலும் நமது கையில் உள்ளது. வாகனம் நின்ற பின்னர் அள்ளி அணைப்பதற்காகவே, ஓடும்வரையிலும் பிள்ளையை மடியிலிருந்து இறக்கி வைப்போம்.